எங்கள் படகுகளின் தடத்தை யார் வைத்திருப்பது?

உலகக் கடல்களில் மீன்பிடிக் கலங்கள் எங்கெங்கே ஓடுகின்றன என்பதை எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய குளோபல் ஃபிஷிங் வொட்ச் என்ற இணைய வரைபடம் 2016 செப்ரெம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சில வருடங்கள் கழித்து ஒரு நாள், முல்லைத்தீவில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு நான் அதை முதன்முதலாகத் திறந்தேன். கொக்கிளாய் தொடங்கி நாயாறு, செம்மலை, அளம்பில், முல்லைத்தீவு, மாத்தளன், சாலை வரை விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். கரையை ஒட்டிய கடல் வெறுமையாக இருந்தது. அன்று காலை எங்கள் கரையில் எத்தனை படகு ஒதுங்கியது, எவர் வலையில் சூடை பட்டது, எவர் வெறும் படகோடு வந்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வரைபடத்துக்கு மட்டும் தெரியவில்லை.

காரணம் எளிதானது. அந்த வரைபடம் பெரும்பாலும் ஏஐஎஸ் எனப்படும் தன்னியக்க அடையாளக் கருவிகள் அனுப்பும் சமிக்ஞைகளைக் கொண்டு வரையப்படுவது. கப்பலோடு கப்பல் மோதாமல் இருப்பதற்காக உருவான கருவி அது. சர்வதேசப் பயணத்தில் ஈடுபடும், மொத்தத் தொன்னளவு 300 அல்லது அதற்கு மேற்பட்ட கப்பல்கள் அதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். எங்கள் கரையில் ஓடுபவையோ பதினெட்டு முதல் இருபத்து மூன்று அடி வரையான ஃபைபர் படகுகள். பின்னால் ஓர் எஞ்சின், உள்ளே இரண்டு அல்லது மூன்று பேர், ஒரு ஐஸ் பெட்டி, வலை, அவ்வளவுதான். இலங்கையில் படகுத் தடங்காட்டி என்பதே ஏற்றுமதிச் சந்தையின் நெருக்குதலால் வந்த பொருள். ஆழ்கடலுக்குப் போகும் பலநாட் கலங்களின் மீது போதிய கட்டுப்பாடு இல்லை என்று காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது; அந்தக் கலங்களுக்குச் செய்மதிவழித் தடங்காட்டிகள் பொருத்தப்பட்டன; 2016இல் தடை நீங்கியது. விடியப்போய் மதியம் திரும்பும் ஒருநாட் படகை அந்தக் கணக்கில் எவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பெரிய கலங்களே முழுமையாகத் தெரிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஜனவரியில் நேச்சர் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, செய்மதிப் படங்களை ஏஐஎஸ் பதிவுகளோடு ஒப்பிட்டு, உலகின் பெரிய மீன்பிடிக் கலங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பொதுத் தடப்பதிவில் இல்லை என்று காட்டியது. சிறு தொழிலாளரின் கதை அதைவிடப் பெரிது. உலகில் பிடிபடும் மீனில் சுமார் 40 சதவீதத்தைச் சிறு தொழிலாளர்களே பிடிக்கிறார்கள் என்று உலக உணவு விவசாய நிறுவனமும் அதன் பங்காளி நிறுவனங்களும் 2023இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அந்த நாற்பது சதவீதம் ஏறக்குறைய முழுவதுமாக வரைபடத்துக்கு வெளியே நிற்கிறது.

வரைபடத்தில் இல்லாமல் இருப்பதும் ஒரு வகையில் நல்லதுதானே, எங்களை எவரும் தொந்தரவு செய்யமாட்டார்களே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அந்த எண்ணம் மாறியது பூநகரிப் பக்கத்தைப் பார்த்தபோது. 2022இல் அங்குள்ள கிராஞ்சியில் கடலட்டைப் பண்ணைகளுக்கு எதிராக மக்கள் நாட்கணக்கில் கரையில் இருந்து போராடினார்கள். பண்ணை வேண்டும் என்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். அந்த வழக்கைத் தீர்க்க நான் இங்கே வரவில்லை. என் கவனத்தில் தைத்தது வேறொன்று. ஒரு கடற்பரப்பை எவருக்கேனும் ஒதுக்கும்போது மேசையில் விரிக்கப்படும் வரைபடத்தில் ஆழம் இருக்கும், கடற்புல் இருக்கும், எல்லைக் கோடு இருக்கும். அங்கே தலைமுறையாகக் களங்கட்டி (தடி நட்டு வலைவேலி அடைத்து) மீன்பிடித்தவரும் நண்டு வலை போட்டவரும் இருக்கமாட்டார்கள். அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். வாயால் சொல்வது ‘கருத்து’ என்றும், படத்தில் இருப்பது ‘தரவு’ என்றும் எழுதப்படும். தடமில்லாத கடல் ஆளில்லாத கடலாக வாசிக்கப்படுகிறது.

அதனால்தான் கடந்த வருடம் சோழகத்தில் (தென்மேற்குக் காற்றுக் காலத்தில்) எங்கள் சங்கத்தின் சம்மதத்தோடு ஒரு சிறு பரிசோதனை செய்தோம். செலவில்லாத பரிசோதனை. பழைய கைத்தொலைபேசிகள் ஏழு சேர்ந்தன. இரண்டுக்குக் கண்ணாடி வெடித்திருந்தது. அவற்றில் சிம் இல்லை, இணையம் இல்லை. இடத்தையும் நேரத்தையும் பத்துச் செக்கனுக்கு ஒருமுறை எழுதிவைக்கும் செயலி ஒன்று மட்டும். ஒவ்வொன்றையும் இரண்டு பொலித்தீன் பைக்குள் இட்டு, வாயைச் சைக்கிள் ரியூப் வாரால் இறுக்கி, அணியத்துப் (படகின் முன்பக்கப்) பெட்டிக்குள் வைத்தோம். கரை வந்ததும் பிடித்த மீனை நிறுத்து, இனம், நிறை, வலையின் கண் அளவு, ஊற்றிய மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதினோம். அந்தக் கொப்பி வேலை முழுவதையும் கடற்றொழிலாளரான என் மாமாவின் மகள் செய்தாள். தடத்தைவிடக் கொப்பிதான் கடினம் என்பதை மூன்றாம் நாளே கண்டுகொண்டோம், ஏனென்றால் மீன் கரைக்கு வந்த பத்தாவது நிமிடம் வியாபாரியின் பெட்டிக்குள் போய்விடும்.

பத்துச் செக்கன் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. பலநாட் கலத்துக்கு மணிக்கு ஒரு புள்ளி போதும். அது ஒரு மாதம் கடலில் நிற்பது. எங்கள் படகு மணிக்குப் பத்துக் கடல் மைல் ஓடும் என்று வைத்தால், ஒரு மணித்தியாலத்தில் பதினெட்டரைக் கிலோமீற்றர் போய்விடும். இரண்டு புள்ளிகளுக்கு இடையில் வலையை விரித்துவிட்டு வேறிடம் போய்விடலாம். பத்துச் செக்கனில் அது ஏறத்தாழ ஐம்பது மீற்றர். அந்த நெருக்கத்தில் பார்க்கும்போது வேகமே தொழிலின் கதையைச் சொல்கிறது. கரையிலிருந்து நேர்கோடு, ஒரே வேகம்: அது ஓட்டம். பின்னர் மெதுவாக, ஏறக்குறைய நேராக ஒரு கோடு: வலை விடுகிறார்கள். அதன்பிறகு வேகம் நீரோட்டத்தின் வேகத்துக்கு இறங்கி, தடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளையும்: வலையோடு படகு மிதக்கிறது, ஆட்கள் தேநீர் குடிக்கிறார்கள் அல்லது கண் அயர்கிறார்கள். கடைசியில் நின்று நின்று, சிறு சிறு நெளிவுகளோடு வலை ஏறுகிறது. ஒரு நாள் வலை ஏறும் நேரம் மற்ற நாட்களைவிட இரட்டிப்பாக இருந்தது. மீன் பட்டதோ என்று ஆவலோடு கேட்டேன். “சொறி, தம்பி. வலை முழுக்கச் சொறி” என்றார் மாமா. சொறிமுட்டை (ஜெலிமீன்) நிறைந்த வலையும் மீன் நிறைந்த வலையும் தடத்தில் ஒன்றுபோலவே இருக்கும். கொப்பி இல்லாத தடம் பாதிப் பொய் சொல்லும் என்பதற்கு அந்த ஒரு நாளே சாட்சி.

பிழைகளும் வந்தன. கரையில் ஏற்றிவைத்த படகை அலை அசைத்த இரவொன்றை நான் ஒரு தொழிலாக, அதாவது கடலுக்குப் போய்வந்த ஒரு தடவையாக, எண்ணிவிட்டேன். இன்னொரு நாள் ஒரு படகு முல்லைத்தீவிலிருந்து நாயாற்றுக்குத் தரைவழியே போயிருந்தது. செய்மதி பிழைத்துவிட்டது என்று அரை நாள் மண்டையை உடைத்தபின்னர்தான், மீன் அந்தப் பக்கம் என்று கேள்விப்பட்டு உழவு இயந்திரப் பெட்டியில் படகை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பது தெரிந்தது. எஞ்சினைக் கழற்றித் தம்பியின் படகில் பூட்டிக்கொண்டு போவதும் எங்கள் கரையில் சாதாரணம். படகுக்குப் படகு இலக்கம் கொடுத்து வெளியிலிருந்து கணக்கெடுப்பவர் இவற்றை எப்படி விளங்கிக்கொள்வார் என்பது எனக்குத் தெரியவில்லை. கரையில் வசிப்பவருக்கு ஒரு கேள்வியில் விளங்கிவிடும்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது எண்ணிக்கை. ஒரு மாவட்டத்தின் பிடியை மதிப்பிடுவது, மாதிரிக்குச் சில படகுகளின் மீனை நிறுத்து, அதை மொத்தப் படகுகளாலும் தொழிலுக்குப் போன நாட்களாலும் பெருக்கித்தான். இந்தப் பெருக்கலில் மிகவும் பலவீனமான இலக்கம் தொழில் நாட்கள். மாதம் இருபது நாள் என்று ஊகித்துவிட்டு உண்மையில் பன்னிரண்டு நாட்களே போயிருந்தால், பிடி மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாகக் காட்டப்படும். கடலில் மீன் நிறைய இருக்கிறது, இன்னும் அனுமதி கொடுக்கலாம் என்ற முடிவு அங்கிருந்து பிறக்கும். தீமோர்-லெஸ்தேயில் வேர்ல்ட்ஃபிஷ் ஆய்வு நிறுவனமும் அந்நாட்டு அரசும் சேர்ந்து செய்த ஏற்பாடு இதைத்தான் தீர்த்தது. சூரிய ஒளியில் இயங்கும் சிறிய தடங்காட்டிகளை வள்ளங்களில் பொருத்தினார்கள். கரையில் பதிவாளர்கள் பிடியை எழுதினார்கள். இரண்டையும் இணைத்து, எந்தக் கரையில் எந்த வலைக்கு எவ்வளவு மீன் என்பது பொதுவில் தெரியும்படி செய்தார்கள். அங்குள்ள வள்ளங்களும் எங்களுடையவை போலச் சிறியவை; சிலவற்றில் எஞ்சினே கிடையாது.

அடுத்தது மண்ணெண்ணெய். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. தொழிலுக்கு இருபது லீற்றர் ஊற்றுபவருக்கு 1,740 ரூபாயாக இருந்த செலவு 6,800 ஆனது. அந்த விலை ஏறியபின் எவரும் மனம்போன போக்கில் தேடி ஓடுவதில்லை. மூன்று வாரத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்தபோது, ஒரே திசையில் வழக்கத்தின் பேரில் ஓடித் திரும்பிய ஓட்டங்கள் தனியாகத் தெரிந்தன. இதை நான் படகுக்காரருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. படத்தைக் கண்டதும் அவர்களே சிரித்தார்கள்.

மூன்றாவது பயன்தான் எங்கள் ஆட்களை அதிகம் இழுத்தது. இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போனால் முறைப்பாடு கொடுக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன்னர் மாமா ஓர் அலுவலகத்துக்குப் போனார். கூடவே நானும் போனேன். எந்த இடம் என்று கேட்டார்கள். பத்துப் பாகம் ஆழமான தண்ணீர், தேவாலயக் கோபுரத்துக்கு நேரே தொலைபேசிக் கம்பம் வரும் இடம் என்றார். எழுதியவர் பேனாவை வைத்துவிட்டார். படிவத்தில் அகலக்கோடு, நெடுங்கோடு என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. மாமா சொன்னது எந்த ஜிபிஎஸ் கருவியும் சொல்லக்கூடிய அளவுக்குச் சரியான இடம். ஆனால் அந்தக் கட்டங்களுக்குள் அது அடங்கவில்லை. முறைப்பாடு ‘இடம் தெரியாது’ என்ற சொற்களோடு பதிவாகியது. தடப்பதிவு இருந்திருந்தால் வலை விட்ட இடமும் நேரமும் இலக்கமாகவே இருந்திருக்கும்.

ஆனால் அது எங்கள் பக்கத்துக் கணக்கு மட்டுமே. வந்தவரை அது காட்டாது. கடலின் அடியை வாரும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டத்தையும் உயர்த்தியது. இராமேசுவரப் பக்கத்து இழுவைப் படகுகள் திங்கள், புதன், சனி என்று முறைவைத்துக் கடலுக்கு இறங்குவதை மன்னார் முதல் பருத்தித்துறை வரை எல்லோரும் அறிவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தமிழ்நாட்டுத் தடைக்காலத்தில்தான் வலையை நிம்மதியாகக் கடலில் விட்டுவிட்டு உறங்கலாம். அந்தப் படகுகளில் பெரும்பாலானவை ஏஐஎஸ் வரைபடத்தில் வருவதில்லை. அவற்றைப் பார்ப்பதற்கு வேறு கண்கள் வேண்டும். சென்ரினல்-1 என்ற ஐரோப்பிய ரேடார் செய்மதி முகிலையும் இருளையும் ஊடுருவிப் பார்க்கும். ஆனால் ஒரு செய்மதி அதே பாதைக்குத் திரும்பப் பன்னிரண்டு நாளாகும், கடப்பதும் காலை அல்லது மாலை ஆறு மணியளவில். இன்று திங்கட்கிழமை கடந்தால் அடுத்த முறை சனி, பிறகு வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன். ஏழு தடவையில் மூன்றுதான் இழுவை நாள். அந்த மூன்றிலும் நடு இரவில் வந்து விடியுமுன் போனவர் அகப்படமாட்டார்.

இரவு வெளிச்சத்தைப் பார்க்கும் செய்மதியும் உண்டு. 2011இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபி செய்மதியின் கருவி இரவு ஒன்றரை மணியளவில் மேலால் போகும்போது கடலில் எரியும் வலுவான விளக்குகளைப் புள்ளிகளாகப் பதிகிறது. வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிப்பதற்கு எதிராக முல்லைத்தீவில் எத்தனை போராட்டம் நடந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் புள்ளிகளின் அருமை புரியும். நிலவு நாட்களில் புள்ளிகள் குறைகின்றன. செய்மதிக்கும் அன்று பார்வை மங்கும், விளக்குக்கும் அன்று மீன் வராது, எது காரணம் என்று பிரிக்க முடியாது. புள்ளிக்குப் பெயரும் கிடையாது. அது எங்களவரின் படகா, பருவத்துக்கு நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் வரும் தெற்குத் தொழிலாளரின் படகா, எல்லை கடந்து வந்ததா என்பதை அந்தப் புள்ளியைக் கொண்டு எவரேனும் அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

இனி, இந்தப் பதிவின் தலைப்புக்கு வருகிறேன். பரிசோதனை பற்றிச் சங்கத்தில் பேசிய முதல் நாளே பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். “அண்ணை, இதைக் கொண்டுபோய் நேவியிட்ட குடுக்கமாட்டியள் எண்டதுக்கு என்ன உத்தரவாதம்?” என்னிடம் பதில் இல்லை. கடலுக்குப் போவதற்கு அனுமதி, எஞ்சினின் குதிரைவலுவுக்கு வரம்பு, கரையிலிருந்து இவ்வளவு தூரம், இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற கட்டுப்பாடுகளோடு ஒரு தலைமுறை வாழ்ந்த கரை இது. ‘கண்காணிப்பு’ என்ற சொல்லை அறிவிப்பில் எழுதியது என் முதற்பிழை. பிறகு ‘தடப்பதிவு’ என்று மாற்றினேன். சொல்லை மாற்றுவதால் பயம் போய்விடாது என்பதும் தெரியும். தடங்காட்டி எந்த நோக்கத்துக்காகத் தரப்படுகிறதோ அந்த நோக்கத்துக்கே உழைக்கும். 2022இல் அவுஸ்திரேலியா இலங்கை மீன்பிடிக் கலங்களுக்கென நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தடங்காட்டிகளைத் தருவதாக அறிவித்தது. அதன் நோக்கம் அகதிப் படகுகளை நிறுத்துவது, மீனைக் காப்பது அல்ல. 2024 டிசெம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்களோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தபோது, அதைக் கண்டு சொல்லித் தண்ணீரும் உணவும் கொண்டு ஓடியவர்கள் எங்கள் கடற்றொழிலாளர்கள்தாம் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பயம் இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்தது. அது படைக்குப் பயப்படுவதல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயப்படுவது. முதல் வாரத் தடத்தை மடிக்கணினியில் காட்டியபோது மாமா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஓர் இடத்தில் விரலை வைத்தார். “தம்பி, நான் நாப்பது வருசமாத் தேடிப் பிடிச்ச இடத்தை நீ ஒரு போனுக்குள்ள போட்டுக்கொண்டு போறாய்.” அந்த இடம் அவருடைய சொத்து. உறுதிப்பத்திரம் இல்லை, வேலி இல்லை, வேறெவருக்கும் தெரியாது என்பது மட்டுமே அதற்குக் காவல்.

ஆகவே என் முடிவு இதுதான்: சிறு படகின் தடத்தைத் திணைக்களமோ திட்டமோ வைத்திருப்பதைவிட, அந்தக் கரையின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமே வைத்திருக்க வேண்டும், வெளியே போவது தடமாக அல்லாமல், தொகுத்த படமாகப் போக வேண்டும். அரசுக்குத் தெரிய வேண்டியது எந்தச் சதுரத்தில் எத்தனை படகு எத்தனை மணித்தியாலம் தொழில் செய்தது என்பது. எவருடைய படகு என்பதல்ல. தரவு கைமாறினால் அனுமதிப்பத்திரத்துக்கு அதுவே நிபந்தனையாகிவிடும் என்ற எச்சரிக்கையை நான் மிகையாக எண்ணவில்லை. திணைக்களத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர், சங்கம் தனக்குச் சாதகமான தடத்தை மட்டும் தராது என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டார். நியாயமான கேள்வி. கொப்பியையும் தடத்தையும் வெளியாள் ஒருவர் சங்கக் கட்டடத்துக்குள் இருந்து சரிபார்க்கலாம், பிரதி எடுத்துச் செல்லக்கூடாது என்பதே என்னால் சொல்லக்கூடிய பதில். அவர் முழுதாகத் திருப்திப்படவில்லை.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. நந்திக்கடல் களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வீச்சுவலை எறிபவருக்கும், கையால் தடவி இறால் பிடிப்பவருக்கும் படகே இல்லை. கரைவலைக்காரரின் படகு வலையை வளைக்க ஒரே தடவையில் அரை வட்டம் அடித்துத் திரும்பும். மீனைத் தரம்பிரித்து, வெட்டி, கருவாடு போடும் பெண்கள் எந்தத் தடத்திலும் இல்லை. ஃபைபர் படகுகளை மட்டும் வரைபடத்தில் ஏற்றிவிட்டால், இவர்களுடைய இடங்களை நாங்களே வெறுமையாகக் காட்டிய பழி எங்களுக்கு வரும். அதற்கு நந்திக்கடலில் தொழில் செய்யும் இருவரை அழைத்துக் காகித வரைபடத்தில் கையால் நிறந்தீட்டவைத்தோம். அந்தத் தாளுக்கும் தடத்துக்கும் ஒரே மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று சங்கக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறோம்.

தொகுத்த படத்துக்கு ஒரு விதி தேடினோம். அமெரிக்காவில் மூன்று கலங்களுக்குக் குறைந்த எந்தத் தகவலையும் பொதுவில் வெளியிடுவதில்லை என்ற நடைமுறை உண்டு, அதையே எடுத்தோம். கடலை ஒரு கிலோமீற்றர் சதுரங்களாகப் பிரித்து, மூன்று படகுகளாவது தொழில் செய்த சதுரத்தை மட்டும் நிறந்தீட்டினேன். ஏழு படகுகள் எம்மாத்திரம்? படத்தின் பெரும்பகுதி மறுபடியும் வெறுமையாகிவிட்டது. சதுரத்தை இரண்டு கிலோமீற்றராக்கியபோது கொஞ்சம் தேறியது. மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் இடத்தைத் தேடினார். அது படத்தில் இல்லை. “இப்ப காட்டலாம்” என்றார்.

அடுத்த சோழகத்துக்குக் குறைந்தது இருபத்தைந்து படகுகளாவது வேண்டும். எங்கள் கரையில் பதினொருவர் சம்மதித்திருக்கிறார்கள். அளம்பிலில் இன்னும் பேச வேண்டும். நாயாற்றுக்குப் பருவத்தில் வரும் தெற்குப் படகுகளையும் சேர்ப்பதா என்ற கேள்வியில் சங்கம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. சேர்த்தால் அவர்களுக்கு இங்கே உரிமை உண்டு என்று நாங்களே எழுதிக் கொடுத்ததாகும் என்கிறது ஒரு பக்கம். சேர்க்காவிட்டால் அந்தக் கடலில் உண்மையில் எவ்வளவு தொழில் நடக்கிறது என்பது எவருக்கும் தெரியாமலே போகும் என்கிறது மறுபக்கம். நான் இரண்டாவது பக்கம். வருகிற மாதக் கூட்டத்தில் வாக்கெடுப்பு.